வளைகாப்புக்குப் பட்டுப்புடவை

லேக் மார்க்கெட்டிலிருந்து பெஹாலா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் பட்டுப்புடவையில் இருந்தார். மடியில் தாம்பூலப் பை.

"என்னக்கா, சமையல் வேலைக்குப் பட்டா?"

"எனக்கு வேலையே கிடையாதாம்டி."

"யாரு சொன்னா?"

"வீட்டுக்காரம்மாதான். பென்ஷன் திட்டத்துல சேர, உங்க வீட்டுல வேலை பாக்கறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். 'உங்களைப் போய் வேலைக்காரின்னு எழுதுவேனா, நீங்க எங்க வீட்டு மனுஷி இல்லையா'ன்னு கண் கலங்கிட்டாங்க."

"கையெழுத்து?"

"போடலை. டீ போட்டுக் குடுத்தாங்க."

கண்டக்டர் வந்தார். இளையவர் இருவருக்கும் டிக்கெட் வாங்கினார்.

"இன்னிக்கு அவங்க பொண்ணுக்கு வளைகாப்பு. பூ வச்சு, பட்டு கட்டிக்கிட்டுப் போனேன். பொண்ணுக்கு வளையல் போட்டுட்டு, சொந்தக்காரங்களோட ஹால்ல உட்கார்ந்துட்டேன்."

"ஐயோ! அப்போ சமையலை யாரு பாத்தா?"

"அவங்களும் அதையேதான் வந்து கேட்டாங்க. உங்க வீட்டு மனுஷிதானேம்மான்னேன். அப்புறம் ஹோட்டல்ல சொல்லி வரவழைச்சாங்க. புளியோதரையில உப்பே இல்லை. விருந்துக்கு வந்தவ குறை சொல்லக்கூடாதுன்னு பேசாம சாப்பிட்டேன்."

இளையவர் சிரிக்கவில்லை. "நாளையிலேருந்து வராதீங்கன்னு சொல்லிட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

மூத்தவர் தாம்பூலப் பையின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சொல்லட்டும். வேலையை விட்டு நிறுத்தினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேப்பேன்."