பின்வரிசைக் குமாஸ்தா

லில்லி: ...மூணு பேர்ல ரெண்டு பேரு பின்னாடி. முன்னாடி நான் ஒருத்தி. இது இன்னா நியாயம் சார்?

இன்பசேகரன்: சிஸ்டர், உங்க ஆளு வாள் வீராங்கனை. அவ முன்னாடிதான் நிக்கணும்.

லில்லி: நிக்கிறா சார். மூணு மாசமா ஞாயித்துக்கெழம தவறாம நிக்கிறா. என் ஆளு தமாராவுக்கு இருபது உயிர் இருந்துச்சு. இப்ப ரெண்டு. இன்னொரு அடி விழுந்தா செத்துடுவா.

ஜான் பாஷா: செத்தா இன்னா சிஸ்டர், வேற ஆள எழுதிக்கலாம். பேப்பர்ல ஆடுற கத ஆட்டம்தானே...

லில்லி: பேப்பரா? நைட் டூட்டி முடிச்சு தூங்காம வந்து வளத்திருக்கேன் அவள. அவ செத்தா நான் இந்த மாடிப்படி ஏற மாட்டேன். குகையில இருக்குற புதையல் பெட்டிய நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க.

இன்பசேகரன்: கோவப்படாதீங்க. குகை வாசல்ல பனி கொட்டுது. பூதம் உலக்கைய ஓங்குது...

லில்லி: ஆம்பூர் வெயில்ல பனி ஒண்ணுதான் கொறச்சல். ஆட்டத்த நடத்துறதும் நீங்க, மந்திரவாதியும் நீங்க. அவரு ரெண்டு அடி முன்னாடி வந்தா இன்னா?

இன்பசேகரன்: அவருக்கு மொத்தமே நாலு உயிர். ஒரே அடி, காலி. முன்னாடி ஒருத்தர் தாங்கினாத்தான் பின்னாடி ஒருத்தர் நிதானமா மந்திரம் சொல்ல முடியும். அதான் சிஸ்டர் பேலன்ஸ்.

லில்லி: நல்ல பேலன்ஸ்! போன வாரம் ஓநாய்ங்க எல்லாம் செத்த பிற்பாடுதானே உங்க மந்திரம் வந்துச்சு?

ஜான் பாஷா: அது வாஸ்தவம்தான் சார்.

இன்பசேகரன்: நீ சிரிக்காத. உன் ஆளு இன்னாத்த கிழிச்சான்?

ஜான் பாஷா: நான் இன்னா சார் பண்றது? குமாஸ்தான்னு எழுதிக் குடுத்துட்டீங்க. பேனாவும் நோட்டும் புடிச்சுக்கிட்டு வந்த வழிய வரஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரே பேஜாரு. ஷூ கம்பெனில கட்டிங் மாஸ்டரு, இங்க வந்தா கிளார்க்கு!

லில்லி: அதத்தான் கேக்கணும்னு வந்தேன். சார், ஷூ வாங்க வந்த வெள்ளக்காரரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல விட்டுட்டுப் போன இந்த ஆட்ட புக்குல குமாஸ்தான்னா இருக்கு?

இன்பசேகரன்: கிளெரிக்னு இருக்கு. கிளெரிக்கல் போஸ்ட்டுன்னு பேப்பர்ல போடுறான்ல... நானே கிளெரிக்கல் போஸ்ட்டுதானே.

லில்லி: ஆஸ்பத்திரி லைப்ரரில டிக்ஷனரி பாத்தேன். கிளெரிக்னா பாதிரியார்.

ஜான் பாஷா: யா அல்லா... நானா?

லில்லி: புக்குலயும் அந்தப் பக்கத்த நானே படிச்சேன். அவரு கவசம் போடலாம். தடி எடுத்துக்கிட்டு முன்னாடி நிக்கலாம். அவரு தொட்டா காயம் ஆறும்.

ஜான் பாஷா: அப்ப இத்தன நாளா நான் சும்மா தொட்டிருந்தாலே போதுமா? சார், உங்களுக்குத் தெரியவே தெரியாதா?

இன்பசேகரன்: ...ரெண்டு வாரமா தெரியும்.

லில்லி: தெரியுமா!

இன்பசேகரன்: எப்படிச் சொல்றது... ஆபீஸ்ல இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் நான்தான் எழுதுறேன். நானே தப்பு பண்ணிட்டேன்னா...

லில்லி: அதுக்கு அவ சாகணுமா?

ஜான் பாஷா: விடுங்க சிஸ்டர். சார், பாதிரியார்னு மட்டும் எழுதாதீங்க. எங்கம்மா முனவ்வர் பேகம் பாத்தா வெளக்குமாறுதான். ஹக்கீம்னு போடுங்க, வைத்தியரு. இந்தா, கவசம் போட்டாச்சு. சிஸ்டர், கொஞ்சம் நவுருங்க, பக்கத்துல வந்துட்டேன். தொட்டேன்!

இன்பசேகரன்: பகடையப் போடு... அஞ்சு.

லில்லி: ஏழு உயிர்! அப்பாடா. தேங்க்ஸ் பாஷா.

ஜான் பாஷா: அசருக்கு பாங்கு சொல்றாங்க. தொழுதுட்டு கால் மணில வர்றேன். பூதத்த யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்.

இன்பசேகரன்: படி பாத்து எறங்கு.

லில்லி: ...போய்ட்டாரா?

இன்பசேகரன்: போய்ட்டான். லில்லி... கோவமா?

லில்லி: அவருக்குத் தெரிஞ்ச நிமிஷமே முன்னாடி வந்தாரு சேகர். நீ ரெண்டு வாரம் வாயத் தொறக்கல.

இன்பசேகரன்: வெறும் ஆட்டம்மா இது. இதப் போய்...

லில்லி: ஆட்டத்துல மட்டுமா? வாடகைக்கு வீடு கேட்டு அலஞ்சது யாரு? கடத்தெருவுல உங்கம்மா எதுக்க வந்தப்ப, "இவங்க ஆஸ்பத்திரி சிஸ்டரு, வழி கேட்டாங்க"ன்னு சொன்னது யாரு?

இன்பசேகரன்: நேரம் பாத்து சொல்லலாம்னுதான்...

லில்லி: எந்த நேரம்? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டு ஆறு மாசம் ஆவுது. எங்கப்பா லெட்டர் போட்டிருக்காரு. நாளைக்கு சாயங்காலம் ஒடுகத்தூர்லேருந்து மாப்ள வீட்டுக்காரங்கள கூட்டிக்கிட்டு ஹாஸ்டலுக்கு வர்றாரு. இந்த ஒரு வாட்டி... எனக்கு முன்னாடி வந்து நின்னு, "இவ என் பொண்டாட்டி"ன்னு நீ சொல்றியா?