வானம் செத்த ராத்திரி

ராத்திரி ஒன்றரை மணி. கிரிவலப் பாதையில ஈ காக்கா கிடையாது… பாதையோரம் ஒத்தை வீடு. உள்ள, விளக்கை அணைச்சுட்டு, காதுல ஹெட்போன் மாட்டிக்கினு சக்கரபாணி. நம்ம மூர்த்தியோட சொந்த மாமா. சிரிக்காதடா… அறுபத்தேழுல நடந்தது இது.

மாமாவுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம், வீட்டுலயே செட்டு வெச்சு ஊர் ஊரா சேதி அனுப்பறது. கம்மி பிரீக்வென்சியில தந்தி மாதிரி தட்டுவாரு. ராத்திரியானா அந்த அலை மேல போகும். அங்க அயனோஸ்பியர்னு ஒரு அடுக்கு… அதுல மோதித் திரும்பி கொழும்பு, கல்கத்தான்னு இறங்கும். சூரியன்ல புயல் அடிச்சா அந்த அடுக்கு கெட்டுடும். அவ்ளோதான், வானம் செத்துப்போச்சும்பாங்க. தூரத்து ஸ்டேஷன் ஒண்ணும் வராது. பக்கத்துல இருக்கறவன் தட்டறது மட்டும்தான் கேக்கும்.

அன்னைக்கு அப்படித்தான். வெறும் இரைச்சல்… ஸ்ஸ்ஸ்…

திடீர்னு… டிட்… டாஆஆ… டிட்.

மாமா ஹெட்போனைக் காதோட சேத்து அழுத்தினாரு. தட்டறதுல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கை உண்டு, குரல் மாதிரி. இப்படி டாவை இழுக்கறவன் ஒருத்தன்தான்… ஆதிமூலம். கூட்டாளி. சைனா சண்டையப்போ, செட்டை ஒளிச்சு வெச்சு எதிரிக்குத் துப்பு குடுக்கறான்னு போலீஸ்ல பொய் சொல்லி அவனைப் பிடிச்சுக் குடுத்ததே மாமாதான். ஏன் தெரியுமா? அவன் சிக்னல் இவரோடதைவிட தூரம் போச்சு. அந்த வயித்தெரிச்சல். பாவி… ஆதிமூலம் ஜெயில்லயே செத்தான்.

கூப்பிட்டவனுக்குப் பதில் குடுக்கறது ஹாம்காரங்க வழக்கம். அந்தப் பயத்துலயும் மாமா கை தானா தட்டிடுச்சு. "பலமா கேக்குது. எங்க இருக்கே?"

குங்கிலியப் புகை வாசனை… ஆதிமூலம் ஒயருக்கு ஈயப்பத்து வைக்கும்போது வருமே, அதே வாசனை.

பதில் வந்துச்சு. "பக்கத்துல."

"யார்கூடங்க பேசறீங்க? கரண்ட் அப்பவே போயிடுச்சே!"

அரிக்கேன் விளக்கோட பொண்டாட்டி லலிதாம்பாள். செட்டு ஓடினா கொதிக்கற வால்வை மாமா தொட்டாரு… சில்லுனு இருக்கு. ஹெட்போனைக் கழட்டி வீசினாரு. தட்டற சத்தம் நிக்கல. லலிதாம்பாள்தான் பார்த்தாங்க… மேஜைமேல அவர் விரலே அடிச்சுக்கினு இருக்கு. இழுத்து… இழுத்து.

அதோட மாமாவுக்குப் பேச்சு போயிடுச்சு. விரல் மட்டும் ஓயல, தூக்கத்துலயும். வேலூர்லேர்ந்து ஒரு ஹாம்காரரைக் கூட்டியாந்தாங்க. அவர் கொஞ்ச நேரம் பார்த்தாரு, மூஞ்சி பேயறைஞ்சாப்ல ஆயிடுச்சு. "'பொய் சொன்னவன் நான், கொன்னவன் நான்'னு திருப்பித் திருப்பி அடிக்கறாருங்க."

வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு, ரெண்டு கையையும் துணியால இறுக்கிக் கட்டிட்டாங்க.

இப்ப… இமை அடிக்குது. இழுத்து… இழுத்து.