ஒம்பதாம் நம்பர் கீழ வெச்ச தட்டு

...நாப்பத்தி மூணு கடுதாசி சார், ஒரே வாரத்துல. அதுல முப்பத்தொம்பது பேரு எந்திரத்துக்குப் பரிஞ்சுக்கிட்டு எழுதிருக்கான். கேப்டன் பக்கம் வெறும் நாலு பேரு. ஒருத்தர் ரிட்டயர்டு ஜெயில் வார்டர். ஒருத்தர் ஹெட்மாஸ்டர். மூணாவது ஆளு எங்க அண்ணன், அவன் பாதிதான் பாத்தான், அதுக்குள்ள தூங்கிட்டான். நாலாவது... நாலாவது நான்தான். ஏன், பத்திரிகை ஆசிரியரு தன் பத்திரிகைக்கே கடுதாசி எழுதக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?

நீங்க பேப்பர் படிங்க சார், நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். இந்த ரயில்ல ஸ்கார்பரோ வரைக்கும்தானே? நானும் அங்கதான். காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிட்டீங்கன்னா இந்தப் பெட்டிய உள்ள தள்ளிருவேன். துணிமணி இல்ல, பூரா கடுதாசி.

'தூரக்கரை' பாக்குறீங்கல்ல? சனிக்கிழம சாயங்காலம் வருமே, டிவில... பாக்கறதில்லையா. சரி, விடுங்க, எல்லாருக்கும் எல்லாமும் அமையாது. விண்வெளிக் கப்பல் சார். அதுல கேப்டன் ராட்லின்னு ஒருத்தர். இந்த வட்டாரத்துல அதுக்கு ரசிகர் சங்கம் இருக்கு. தலைவரு, செயலாளரு, பத்திரிகை ஆசிரியரு எல்லாம் அடியேன்தான். வில்ஃப்ரெட்னு பேரு, வில்ஃப்னே கூப்பிடலாம். லீட்ஸ்ல பதினோரு வருசமா நடத்துறேன். மாசாமாசம் பத்திரிகை. ஸ்டென்சில் வெட்டி, உருளையில ஓட்டி அச்சடிச்சு, பின்னடிச்சு, ஸ்டாம்ப் ஒட்டி... ஒரு மாசம் நின்னதில்ல. இந்த மாசந்தான் நின்னுபோச்சு.

போன சனிக்கிழம ஒரு கதை போட்டான். ரெண்டு பாகம். கப்பல்ல எந்திர மனுசங்க இருக்காங்க, பாத்தா நம்ம மாதிரியே இருப்பாங்க. சமைக்கிறது, துவைக்கிறது, கப்பல ஓட்டுறது, எல்லாம் அவுங்கதான். அதுல ஒம்பதாம் நம்பர்னு ஒரு பொம்பள எந்திரம். தினம் கேப்டனுக்குச் சாப்பாடு கொண்டுவரும். அன்னைக்குக் கப்பல் ஏதோ ஒரு கிரகத்துல இறங்கி நிக்குது, அப்பவும் கொண்டுவந்துச்சு. மேசை வரைக்கும் வந்துட்டு, தட்டக் கீழ தரையில வெச்சுச்சு. "இனிமே நீங்களே எடுத்துக்கங்க"ன்னுச்சு. அவ்ளோதான், கப்பல் பூரா அத்தன எந்திரமும் கையக் கட்டிருச்சு. எஞ்சின் ரூமுக்குள்ள போயி உக்காந்து கதவச் சாத்திக்கிச்சுங்க. எல்லாத்தையும் ஒரே இழுப்புல அணைக்கிற லீவர் ஒண்ணு இருக்கு. கேப்டன் அதுல கைய வெக்கிறாரு. இழுப்பாரா மாட்டாரா... அடுத்த வாரம்னு போட்டுட்டான் பாவி.

அந்த ஒரு வாரத்துல என் வீட்டு போனு பட்ட பாட்டக் கேளுங்க. ஹல் ஊருல ஒரு தபால்காரரு, சாதுவான மனுசன், பதினோரு வருசத்துல ஒரு தடவ சத்தமாப் பேசினதில்ல. "லீவர இழுத்தா நான் சங்கத்துல இல்ல"ங்கிறாரு. லீவரு என் வீட்டு அடுப்பங்கரையிலயா இருக்கு? பிராட்ஃபோர்ட்ல பல் ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தி பதினொரு பக்கம் எழுதிருக்கா, பச்ச மையில. ஓட்லி ஊரு பாதிரியாரு எந்திரத்துக்கு ஆத்மா உண்டான்னு என்கிட்ட கேக்குறாரு. நான் அவர்ட்டக் கேக்க வேண்டிய கேள்வி சார் அது. விட்பில ஒரு விதவையம்மா, "இழுக்கிறதா இருந்தா மெதுவா இழுக்கச் சொல்லுங்க, பாவம்"னு எழுதிருக்கு. கடைசியா ஒரு பிளம்பரு. எஞ்சின் ரூம் கதவுல கீல் தப்பான பக்கம் இருக்காம். எந்திரம் நியாயம் கேட்டது, அழுதது எதுவும் அவரு கண்ணுல படல.

சாண்ட்விச் சாப்பிடுறீங்களா? முட்ட. நானே பண்ணது, அதனால வற்புறுத்த மாட்டேன்... வேண்டாமா, புத்திசாலி சார் நீங்க. ஆறு நாளா டப்பாவுல வர்ற பீன்ஸ்தான் எனக்கு. வீட்டுக்காரி ஊர்ல இல்ல. தெல்மான்னு பேரு. அவ தங்கச்சி ஐவி ஸ்கார்பரோல இருக்கா, அவளுக்கு முட்டி வலி. பாத்துக்கப் போயிருக்கா.

எங்க விட்டேன்... ஆங், பத்திரிகை. நாப்பத்தி மூணையும் நான்தான் டைப் பண்ணணும்னு உக்காந்தேன். ரெண்டு விரல்ல. ஒரு கடுதாசி முடிய ஒரு மணி நேரமாச்சு. ரிப்பன் மாத்தத் தெரியல. ஸ்டென்சில்ல தப்பு விழுந்தா எதையோ தடவுவா, செவப்பா நகப்பூச்சு மாதிரி இருக்கும், அது எந்த டிராயர்லன்னு தெரியல. நேத்து டைப் பண்ணதுல கேப்டன் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு.

ஆமா சார், அவதான் டைப் பண்ணுவா. பதினோரு வருசமா. டைப்பு, ஸ்டென்சிலு, ஸ்டாம்ப்பு, கூட்டத்துக்கு டீ, கேக்கு. நான் சொல்லச் சொல்ல அவ அடிப்பா... சரி, அவ திருத்தவும் செய்வா. என் வாக்கியமெல்லாம் பாதியில வழிதவறிப் போயிரும், அவதான் கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வருவா.

போன இலையுதிர் காலத்துல நூத்தி இருபத்தஞ்சாவது இதழ் போட்டோம். நன்றின்னு ஒரு பக்கம். காகிதக் கடைக்காரருக்கு நன்றி, நாங்க கூடுற ஹாலப் பெருக்குற மனுசனுக்கு நன்றி. ஹால்ல இருக்கிற டீ பாய்லருக்குக்கூட ஒரு நன்றி, தமாசுக்கு. நான் சொல்றேன், அவ அடிக்கிறா. "அவ்வளவுதானா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான்னேன். விரல டைப் மிசின்மேலேர்ந்து எடுத்துட்டு, அந்தப் பக்கத்த மேலேர்ந்து இன்னொரு தடவ படிச்சா. அப்புறம் எனக்கே ஒரு மாதிரி ஆகி, "நாம ரெண்டு பேரும் ஒண்ணுடி, எவனாவது தன் கைக்குத் தானே நன்றி சொல்லுவானா?"ன்னேன். அழகாத்தானே சொன்னேன்? அன்பாத்தான் சொன்னேன் சார்.

போன சனிக்கிழம அந்த ஒம்பதாம் நம்பர் தட்டக் கீழ வெச்சதும் கேப்டன் என்ன சொன்னாருங்கிறீங்க? "என் கைக்கு நான் நன்றி சொல்லணுமா?"ன்னாரு. அந்தக் கதைய எழுதுன புண்ணியவான் எங்க வீட்டு ஜன்னலோரம் நின்னு ஒட்டுக்கேட்டானோ என்னவோ. தெல்மா டிவியப் பாக்கல. என்னைப் பாத்தா.

அப்பவாவது வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். கத முடிஞ்ச சூட்டோட விமர்சனம் எழுதிருவோம்னு மிசின் முன்னாடி உக்காரச் சொன்னேன். "சேவைக்குன்னு செஞ்ச எந்திரம் சேவை செய்யணும், லீவர இழுங்க கேப்டன்"... இதச் சொல்றேன், அவ அடிக்கிறா. 'லீவர' வரைக்கும் அடிச்சா. எந்திரிச்சா, கோட்ட மாட்டுனா. ஐவி வீட்டுக்குப் போறேன்னா. "எப்ப வருவே?"ன்னேன். "ரெண்டாம் பாகம் முடியட்டும்"னா.

ஐவிக்கு முட்டி வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு மலை மேல ஏறும்.

இந்தக் கடுதாசியப் பாருங்க. நாப்பத்தி மூணாவது. வியாழக்கிழம வந்துச்சு, ஸ்கார்பரோ முத்திரை. ஆசிரியர் அவர்களுக்குன்னு போட்டிருக்கா, ஊருல மத்தவங்க எழுதுற மாதிரி. ரெண்டே வரி. "ஒன்பதாம் நம்பர் கப்பலை விட்டுப் போகவில்லை. தட்டை மட்டும்தான் கீழே வைத்தாள். இதை இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அன்புடன், தெல்மா, உறுப்பினர்." மூணு வரியா? மூணுதான், ஆமா. மத்த நாப்பத்திரெண்டு பேரும் லீவரு, ஆத்மா, கீலுன்னுதான் பேசுறான். அவ சொன்னப்புறந்தான் எனக்கே ஞாபகம் வருது, கப்பலோட வெளிக்கதவு பூரா நேரமும் தொறந்துதான் கெடந்துச்சு, போகணும்னா போயிருக்கலாம்.

அதான் கெளம்பி வந்தேன். இன்னைக்கு ஆறு மணிக்கு ரெண்டாம் பாகம். கேப்டன் இழுத்துட்டாருன்னா என் கதி என்னன்னு தெரியல. அதுக்கு முன்னாடி அவளப் பாத்துரணும். சொல்ல வேண்டியத எழுதி வெச்சிருக்கேன், பாதி வாக்கியம் வழிதவறித்தான் கெடக்கு, அவ திருத்திக்கட்டும்.

கடல் வாட அடிக்குதுல்ல? வந்துருச்சு போல. நீங்க முன்னாடி இறங்குங்க சார். என் பெட்டி கனம்... இல்ல, கனமெல்லாம் இல்ல. உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நேத்தும் இதே வண்டியில வந்தேன். இந்த எடம் வரைக்கும் வந்து, இறங்காம அப்படியே லீட்ஸுக்குத் திரும்பிட்டேன். அதுக்கு முந்தின நாளுந்தான். ஐவி வீடு ஸ்டேசன்லேர்ந்து நாலு நிமிச நடை.

போங்க சார், போங்க, உங்களுக்கு ஆளு காத்திருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு. இறங்கினதும் கதவ அடிச்சுச் சாத்திராதீங்க. இந்தா, எந்திரிச்சுட்டேன்.