வாசலில் நின்று இழுக்காதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, பாஸ்டர் அவர்களே, மறைந்த நம் கோச்சின் கணவர் கெரிட் அவர்களே, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இந்த மழையில் வண்டி ஓட்டி வந்திருக்கும் பயிற்சியாளர்களே, வில்லோ ஃபோர்ட் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த அரங்கத்தில் நான் கடைசியாகக் குரலை உயர்த்தியபோது, இரண்டு பேர் என் கைகளைப் பிடித்து வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நடுவரின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி நான் ஒரு யோசனை கூறியிருந்தேன். அவர் கண்ணாடியே போடுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் நம் தலைமை ஆசிரியர். சற்று முன் இந்த மைக்கை என்னிடம் நீட்டியவரும் அவரே. நீட்டியதும் ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

என்னைத் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் வெண்டல் ப்ருன்ஸ். வீடுகளுக்கு காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு எனக்கும் படிப்புக்கும் இருந்த உறவு, இரு தரப்பின் மகிழ்ச்சியோடு முடிந்துபோனது. என்னைப் போய்ப் பேச அழைத்தது ஏன்? கெரிட்டிடமே கேட்டேன்.

"மத்தவங்க எல்லாம் அவ ஜெயிச்ச ஆட்டத்தப் பேசுவாங்க வெண்டல்," என்றார். "நீ அவ தோத்த ஆட்டத்தப் பேசு."

எனவே நம் கூடைப்பந்து கோச் லெனோர் டைக்ஸ்ட்ரா அம்மையார் தோற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மகள் டெஸ்ஸா பத்தாம் வகுப்பில் ஆறடியைத் தொட்டுவிட்டாள். அந்த உயரம் அவள் அம்மா வழியில் வந்தது. என் வழியில் பசி மட்டும்தான் வந்தது. பந்தைக் கையில் எடுத்தால் கூடையைப் பார்க்காமலே போடுவாள். அந்தக் கோடையில் கிளப் ஆட்டங்களுக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பள்ளிக்கு வேண்டியவர். எனக்கு ஹாட் டாக் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க பொண்ணு உயரத்துக்கு வில்லோ ஃபோர்ட் கூரை பத்தாதுங்க," என்றார். "இங்க வந்தா நாலு கல்லூரி தேடி வரும். எந்த ஊர்ப் பிள்ளையும் எந்தப் பள்ளியிலயும் சேரலாம்னு சட்டமே இருக்கு. ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான்."

என்னை யாரும் 'சார்' என்று அழைத்ததில்லை. அவர் நான்கு தடவை அழைத்தார். மனிதன் விழுவதற்கு ஹாட் டாக்கும் 'சாரும்' போதாதா?

டெஸ்ஸாவுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆகஸ்டில் ஒருநாள் நானும் அவளும் கோச்சின் அறைக்குப் போனோம். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. டெஸ்ஸா போனால் அணியில் மிஞ்சுவது ஏழே பெண்கள். அது கோச்சுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோச்சின் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். வேறு ஊர்ப் பிள்ளையைப் பெற்றோர் அழைத்து வந்து "இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால், அவர் முதலில் போனை எடுப்பார். பெற்றோர் எதிரிலேயே அந்தப் பிள்ளையின் பழைய கோச்சைக் கூப்பிடுவார். "ஒங்க பொண்ணு இங்க என் முன்னால உக்காந்திருக்கா. ஒங்களுக்குத் தெரியாம அவளப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்," என்பார். எத்தனையோ பேர் அந்தப் போன் மணியைக் கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

அன்று தன் சொந்த அணிப் பிள்ளை போகும்போதும் அவர் போனைத்தான் எடுத்தார். பெரிய பள்ளியின் கோச்சை அழைத்தார். அந்த கோச் இன்று மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். வந்ததற்கு நன்றி ஐயா.

"டெஸ்ஸா ப்ருன்ஸ் ஒங்ககிட்ட வர்றா," என்றார் நம் கோச். "இடது முட்டியப் பாத்துக்கங்க. ஆட்டத்துக்கு முன்னால ஒண்ணும் சாப்பிட மாட்டா, வாழப்பழம் மட்டும் எறங்கும். திட்டணும்னா ஆட்டம் முடிஞ்சப்புறம் திட்டுங்க, நடுவுல திட்டினா கை ஓடாது. இன்னொண்ணு. அவ வந்தா ஒங்க பிள்ளைங்கள்ல யாரோ ஒருத்தி பெஞ்சுல உக்காரணும். அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் மட்டும் கேட்டது.

"சொல்லிடுங்க," என்றார் கோச். போனை வைத்தார். டெஸ்ஸாவைக் கட்டிக்கொண்டார். எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை.

பள்ளி மாறினால் ஒரு பருவம் முதல் அணியில் ஆட முடியாது. டெஸ்ஸா அந்தக் குளிர்காலம் முழுவதும் பெஞ்சைச் சூடாக்கினாள். நானோ ஊருக்குள் லாரி ஓட்ட வேண்டியிருந்தது. தீவனக் கடையில் காபி குடிக்கப் போனால் மார்வ் கேட்பான்: "என்ன வெண்டல், காஸ் எங்களுக்கு, பொண்ணு அவங்களுக்கா?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். டெஸ்ஸா தேவாலயத்துக்கு வருவதையே நிறுத்தினாள். நாயை நடத்திக் கூட்டிப்போகக்கூட இருட்டிய பிறகுதான் வெளியே வந்தாள். "நான் படிச்சு முடிச்சதும் இந்த ஊர்ப்பக்கமே வர மாட்டேம்பா," என்றாள். பெற்றவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கல்லூரியைத் தேடிப் போய் ஊரைத் தொலைத்துவிட்டேனே என்று லாரிக்குள் உட்கார்ந்து பயந்தேன்.

அடுத்த வருடம் அவள் அந்தப் பெரிய பள்ளியின் சீருடையில் இதே தரையில் ஆட வந்தாள். ஆட்டத்தின் கடைசிக் கட்டம். நம் ஏழு பெண்களும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள், ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். டெஸ்ஸா இரண்டு ஃப்ரீ த்ரோ போட, யாரும் குறுக்கே வராத அந்தக் கோட்டில் நின்றாள். நம் பக்கத்திலிருந்து கத்தல் ஆரம்பித்தது. "துரோகி! துரோகி!" தரையை உதைத்து, தாளம் போட்டு. "பெட்டி கட்டிட்டியா டெஸ்ஸா?" என்று ஒரு குரல். யாருடையது என்று எனக்குத் தெரியும், இன்று அவர் கோட்டு சூட்டில் வந்திருக்கிறார், விட்டுவிடுவோம்.

கோச் டைம் அவுட் கேட்டார். ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்த நம்மிடம் மிஞ்சியிருந்த கடைசி டைம் அவுட் அது. தன் பெண்கள் வட்டமாக நிற்க, அவர்களிடம் போகாமல் நேரே நம் பக்கத்துக்கு நடந்து வந்தார். மைக் இல்லை. கத்தவும் இல்லை. அதனால் எல்லாரும் வாயை மூட வேண்டியதாயிற்று.

"அவ நம்ம ஊர்ப் பொண்ணு. நாளைக்கு ஒங்க வீட்டு முன்னாலதான் நடந்து போவா. அவ போனது அவ இஷ்டம். கத்தணும்னா எம் பேரச் சொல்லிக் கத்துங்க, நான் இங்கயேதான் நிக்கறேன்."

திரும்பிப் போனார். டெஸ்ஸா இரண்டையும் போட்டாள். ஒரு புள்ளி பின்னால் போனோம். கடைசி நொடிகளில் கடிகாரத்தை நிறுத்த நம்மிடம் டைம் அவுட் இல்லை. தோற்றோம்.

தீவனக் கடை ஒரு மாதம் புலம்பியது. மார்வே நேரில் கேட்டான்: "கோச், அந்த டைம் அவுட்ட வீணாக்கிட்டீங்களே?"

"வீணாவா? கூச்சல் நின்னுச்சா இல்லையா?" என்றார்.

அந்த ஞாயிறு அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, டெஸ்ஸாவைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இன்று டெஸ்ஸா நம் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அதோ, என் மூன்று வயதுப் பேரனின் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். நான் தாத்தாவாக இந்த ஊரிலேயே இருப்பது எதனால்? அந்த ஒரு நிமிடத்தால்.

மாவட்டக் கூட்டத்தில் கோச் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி மாறவே கூடாது என்றது ஒரு கூட்டம், யாரும் யாரையும் இழுக்கலாம் என்றது மறு கூட்டம். கோச் சொன்னார்: "வீட்டுல சண்ட, பள்ளியில கேலி, வேற பாடம் படிக்கணும்னு ஆச, இப்படி எத்தனையோ பிள்ளைங்க. அவங்களுக்காகக் கதவு தெறந்தே இருக்கட்டும். பெரியவங்க நாம வாசல்ல நின்னு கையப் புடிச்சு இழுக்காம இருப்போம்." இரு கூட்டமும் அவரிடம் கோபித்துக்கொண்டன. அவர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார்.

பெற்றோர் சங்கத்தின் சார்பில், அவர் படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுக்கிறேன். யார் பிள்ளையை அழைத்து வந்தாலும் முதலில் போனை எடுப்போம். அதனால் பெஞ்சில் உட்காரப் போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்வோம். எந்தச் சீருடையில் வந்தாலும் நம் பிள்ளையைப் பார்த்துக் கத்த மாட்டோம். நடுவரைப் பற்றி மட்டும் என்னால் உறுதி தர முடியவில்லை, மன்னிக்க வேண்டும்.

செப்டம்பரில், அவர் படுத்திருந்த மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்தேன். "குளிர் வருது வெண்டல், லாரிக்கு டயர் மாத்தியாச்சா?" என்று கேட்டார். "மாத்திட்டேன் கோச்," என்றேன். பிறகு இருவரும் ஜன்னலுக்கு வெளியே சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்ல ஒன்று இருந்தது. சொல்லாமலே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோச், அன்னைக்கு நீங்க ஒரு தடவை 'இருங்க'ன்னு சொல்லியிருந்தா, நாங்க இருந்திருப்போம். அது ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் நீங்க சொல்லல.