எந்திரிக்காத கூட்டம்

கையைத் தட்டாம கொஞ்சம் கேளுங்க தாயி... கதை ஒண்ணு இருக்கு, சொல்லிட்டு இறங்கிடுதேன். சின்னக் கதைதான். எங்க ஊர்ல நடந்தது.

எங்க உப்பளத் தொழிலாளர் சங்கத்துல ஒரு தீர்மானம். என்ன தீர்மானம்? லாபத்துல போனஸ் பிரிக்கிறதுக்கு முன்னால ஒரு பங்கை வைத்தியத்துக்கு ஒதுக்கணும். செல்லக்கனின்னு ஒருத்தி, எங்ககூட உப்பு வாருனவ. ரெண்டு கிட்னியும் போச்சு. வாராவாரம் டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். பஸ்ஸுல ஏற முடியல. போகாட்டி? போகாட்டி செத்துப்போவா.

பொன்பாண்டின்னு ஒரு உறுப்பினர். அவருக்கு ஆகல. "எனக்கு ஒரு தலைவலி வந்தது கிடையாது. எவளுக்கோ ஊசி போட எம் போனஸா?"

ஓட்டுக்கு விட்டா தோத்துருவாரு. அது அவருக்கும் தெரியும். அதனால என்ன செய்வாரு? தீர்மானத்தை வாசிச்ச உடனே துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுருவாரு. அவர் ஆளுகளும் பின்னாலேயே. சங்கத்து மொத்த ஆள்ல பாதிப் பேர் இல்லாட்டி கூட்டம் செல்லாதுல்லா? அவங்க டீக்கடைக்கு... நாங்க? நாங்களும் சேலையைத் தட்டிட்டு வீட்டுக்கு! எப்பவும் இதே கூத்து.

சங்கத் தலைவி ரெஜினா எம் பேத்தி. பெருமைக்குத்தான் சொல்லுதேன், இருக்கட்டும். போன வருஷம் கூட்டத்துக்கு முந்தி வந்து, "ஆச்சி, அவங்க எந்திரிச்சா நீ எந்திரிக்காத. எல்லார்ட்டயும் சொல்லு"ன்னா.

"சும்மா உட்கார்ந்து என்னட்டி பண்ண?"

"சும்மாவே உட்காரு."

கூட்டம் தொடங்குச்சு. விதியைச் சத்தமாத்தான் வாசிச்சா. 'ஆள் குறைஞ்சா கூட்டம் ஒத்திவைக்கப்படும். அரை மணி நேரம் கழிச்சு இதே இடத்துல கூடும். அப்போ இருக்கிறவங்களே போதும்.' யாரு கேட்டா? பொன்பாண்டி பக்கத்து ஆள்கிட்ட மோட்டார் ரிப்பேரைப் பத்திப் பேசிட்டிருந்தாரு.

தீர்மானம் வந்துச்சு. துண்டை உதறினாரு. வாசல்ல நின்னு ஒரு நக்கல் வேற... "என்ன, படம் போடப் போறாங்களா?"

நாங்க எந்திரிக்கல. கரண்டு இல்ல, புழுக்கம். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தா. ஒருத்தி பூக் கட்டினா. அரை மணி நேரம் ஆச்சு... ரெஜினா மணி அடிச்சா. கை தூக்கினோம். நிறைவேறிட்டு!

டீ குடிச்சுட்டு வந்தவர் குதிச்சாரு. "இது குறுக்கு வழி! ஆள் இல்லாத நேரம் பார்த்து..."

ரெஜினா விடல. "ஆள் இருந்தோமே மாமா, நீங்கதான் இல்ல. சங்கத்துக்கு லாரி வாங்க நீங்க தீர்மானம் போட்டதும் இதே விதியிலதானே? அன்னைக்கு நாங்க சோறு பொங்கப் போயிருந்தோம்."

செல்லக்கனி இப்போ அந்தக் காசுல பிடிச்ச வேன்ல டவுனுக்குப் போய்ட்டு வாரா. டிரைவரைத் திட்டுற அளவுக்குத் தெம்பு வந்துட்டு.

கதை முடிஞ்சுதா? இல்ல. இந்த வருஷம் அதை ரத்து பண்ணணும்னு பொன்பாண்டியே தீர்மானம் கொண்டாந்தாரு. எப்போ எடுத்தாரு? கடைசியா, பொழுது சாயுற நேரம். எவ்வளவு பாசம்ங்கிறீங்க! "இருட்டிட்டே, அடுப்புப் பத்த வைக்க வேண்டாமா? போங்க தாயி, போங்க..."

ரெண்டு பேர் எந்திரிச்சுட்டாங்க. முன்வரிசையில செல்லக்கனி... திரும்பி அவங்களைப் பார்த்தா. அவ்வளவுதான். ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டாங்க. அவர் தீர்மானம் தோத்துப்போச்சு.

ஏன் இதைச் சொல்லுதேன்? வர்ற ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்துலயும் இதே தீர்மானம். குறுக்கு வழின்னு உங்களையும் சொல்லுவாங்க. சொல்லட்டும். அந்த விதி எனக்கும் சொந்தமில்ல, பொன்பாண்டிக்கும் சொந்தமில்ல. யாரு கடைசி வரைக்கும் இருக்காங்களோ, அன்னைக்கு அவங்களுக்குச் சொந்தம். இன்னைக்கு நமக்குக் கொடுத்ததை நாளைக்கு அதுவே பிடுங்கும், நாம எந்திரிச்சா.

பிள்ளை அழுதா மடியில போடுங்க. உலை ஒரு நாள் பிந்திக் கொதிக்கட்டும். உங்க ஊர் செல்லக்கனி யாருன்னு உங்களுக்குத் தெரியும்... அவ மூஞ்சியைப் பார்த்துட்டு உட்காருங்க.