நான் வழிமொழியாத தீர்மானம்

அளந்து பேசுவோரையும் அளவில்லாமல் பேசுவோரையும் மேசை மேலிருக்கும் ஒரே மணியால் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர் அவர்களே, வாடிக்கையாளரின் நம்பிக்கையை வைரமென வளர்த்துக் காத்த மூத்த வணிகப் பெருமக்களே, வாசலில் நின்று வரவேற்று, வாடாத முகத்தோடு இப்போது வலப்புறம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடையைச் சாத்திவிட்டுக் களைப்போடு வந்தும் காது கொடுக்கக் காத்திருக்கும் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் கடைசியில் சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் என் அன்புக்குரிய லாரி ஓட்டுநர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சுவரைத் தாங்குகிறவர்கள் தயவுசெய்து கையை எடுத்துவிடாதீர்கள். நம் வணிகர் சங்கத்துக்கு இருப்பது இந்த ஒரு கட்டடம்தான். இன்னொன்று கட்ட அனுமதி வாங்க எத்தனை வருடமாகும் என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல.

சிரிக்கிறீர்கள். சிரிப்பில் பாதி வலி என்பது எனக்குப் புரிகிறது. அந்த வலியிலிருந்துதான் இன்றைய தீர்மானம் பிறந்திருக்கிறது. ஊருக்கு வெளியே, விளைநிலத்தில் வணிகக் கட்டடம் கட்ட அனுமதி கேட்டால், அந்த நிலத்திலேயே அறிவிப்பு வைத்து, முப்பது நாள் பொதுமக்களின் ஆட்சேபணைக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை அடியோடு நீக்க வேண்டும் என்பது தீர்மானம். அதைச் சற்று முன் முழங்கி முன்மொழிந்தவர் இரும்புக்கடை உரிமையாளர், என் மனைவியின் அண்ணன், என் மச்சான். மூன்றாவது வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கிறார். வழிமொழிய என்னை அழைத்திருக்கிறீர்கள்.

ஏன் என்னை? இந்த டைல்ஸ் கடைக்காரனின் திட்டம் ஒரு ஆட்சேபணைக் கடிதத்தால் கவிழ்ந்தது என்பது ஊரறிந்த கதை. மேடை ஏறும்போது செயலாளர் என் காதில், "உங்க வயித்தெரிச்சல அஞ்சு நிமிஷம் கொட்டிட்டு உக்காந்துருங்கண்ணே, போதும்" என்றார். கொட்டத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கவிழ்ந்த கதையை மட்டும் கேட்டவர்களுக்கு, அது எப்படிக் கவிழ்ந்தது என்பதை இன்று முழுதாகச் சொல்ல விரும்புகிறேன். பன்னிரண்டு வருடமாக இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

அப்போது எனக்கு நாற்பது வயது. டவுனுக்குள் இருந்த என் கடையில் சரக்கை இறக்க இடமில்லை. லாரி வந்தால் தெருவே நின்றுவிடும். மச்சானும் நானும் கூட்டாக, டவுனைத் தாண்டிப் புதுச் சாலையோரம் ஆறு ஏக்கர் வாங்கினோம். வயல்களுக்கு நடுவே தாழ்ந்து கிடந்த நிலம். அதை ஆறடி உயர்த்தி, ஒரு கிடங்கு, ஒரு காட்சிக்கூடம், வண்டி நிறுத்த இடம் என்று பெரிதாகத் திட்டம் போட்டோம். கட்டட வரைகலைஞர் வண்ணப்படம் வரைந்து தந்தார். கண்ணாடிச் சுவர், பூத்த மரங்கள், பலூன் பிடித்த ஒரு குடும்பம், மேகமே இல்லாத நீல வானம். அந்தப் படத்தைக் கடையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

பிறகு விண்ணப்பப் படிவம். அதில் பதினான்காவது கேள்வி: 'இந்த நிலத்தின் வழியே மழைநீர் செல்லும் பாதை ஏதேனும் உண்டா?'

நான் எழுதிய பதில்: 'இல்லை'.

நிலம் வாங்குவதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு மதியம் தனியாகப் போய் அதைப் பார்த்திருந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். மேல் வயல்களின் தண்ணீரெல்லாம் கூடி, முழங்கால் ஆழத்துக்கு, அந்த நிலத்தின் குறுக்கே ஓடி, அப்பாலிருக்கும் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். பார்த்த கண்ணோடு வந்துதான், 'இல்லை' என்று எழுதினேன். அரசாங்க வரைபடத்தில் அங்கே ஓடை கிடையாது. வரைபடத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்று நானே எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவையோரே, நாம் பொய்யைப் பொய்யென்று சொல்லிக்கொண்டா செய்கிறோம்? வழக்கம் என்கிறோம். நடைமுறை என்கிறோம். எல்லாரும் செய்வதுதானே என்கிறோம். பெயரை மாற்றி மாற்றி வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு பழகுவது போல அதோடு பழகிக்கொள்கிறோம்.

முப்பது நாள் அறிவிப்பை நிலத்தில் வைக்க வேண்டும். மச்சான் வைத்தார். எங்கே வைத்தார்? சொல்லலாமா மச்சான்? தலையாட்டுகிறார், சொல்கிறேன். வேலிக்கு உட்புறமாக, முட்புதருக்குப் பின்னால், சாலைக்கு முதுகைக் காட்டி வைத்தார். சட்டப்படி அறிவிப்பு நிலத்தில் இருந்தது. படிக்க வேண்டுமானால் பாம்பாகப் பிறந்து ஊர்ந்துதான் போயிருக்க வேண்டும்.

பாம்பு படிக்கவில்லை. ஆடு படித்தது. நிலத்தை அடுத்து ஒரு நாற்றுப்பண்ணை. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை வளர்த்து விற்கும் ஒரு அம்மா. எல்லாரும் நாற்றுக்காரம்மா என்பார்கள். அவர் வளர்த்த ஆடு புதருக்குள் புகுந்து அந்தத் தாளில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதி அதன் வாயில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. பிடுங்கிப் படித்தார். அன்று இருபத்தெட்டாவது நாள்.

அவர் எழுதிய கடிதத்தின் நகல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மொத்தம் நான்கு வரி. 'மழை பெஞ்சா தண்ணி இந்த நிலத்து வழியாதான் குளத்துக்குப் போகுது. இவங்க மண்ணு கொட்டி மேடாக்குனா அந்தத் தண்ணி எங்க போகும்? கேட்டுச் சொல்லுங்க. கடை வர்றதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.'

கவனியுங்கள் பெரியோரே. கட்டாதே என்று எழுதவில்லை. விரட்டு என்று எழுதவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டிருந்தார். கேட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தார்.

விசாரணை நாள் வந்தது. திட்ட அனுமதி அலுவலகத்தின் மாடி அறை. கட்டுக் கட்டாகக் கோப்புகள். அவற்றின் மேல் தேநீர் கிளாஸ் வைத்த வட்டங்கள். சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. எங்கள் பக்கம் வக்கீல், வரைகலைஞர், மச்சான், நான். எதிர்ப்பக்கம் நாற்றுக்காரம்மா ஒருவர்தான். நகக்கண்ணில் மண் காயாமல் வந்திருந்தார். நடுவில் திட்ட அதிகாரி, கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி.

அதிகாரி வரைபடத்தை விரித்து, "படத்துல ஓடை எதுவும் இல்லையேம்மா" என்றார்.

"படம் போட்டவங்க வெயில் காலத்துல வந்திருப்பாங்க மேடம்" என்றார் அந்த அம்மா.

நீங்கள் சிரித்ததைப் போலவே அந்த அறையும் சிரித்தது. வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. "ஆதாரம் என்ன இருக்கு? ஒரு போட்டோ? ஒரு தாள்?" என்றார்.

"தாளெல்லாம் இல்லீங்க. மழை பெய்யிற அன்னிக்கு வந்தா காட்டுறேன்."

வழக்கு முடிந்தது என்று வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதிகாரி பேனாவை எடுத்தார். எடுத்தவர், எழுதாமல், என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க இந்த நிலத்த மழையில பாத்திருக்கீங்களா?"

மேசைக்குக் கீழே என் காலை ஒரு கால் மிதித்தது. யாருடைய கால் என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் குனிந்து தன் செருப்பைப் பார்க்கிறார், அது போதும்.

ஒரு சொல். 'இல்லை' என்ற ஒரே சொல். படிவத்தில் ஏற்கெனவே எழுதிய சொல். அதை வாயால் சொன்னால் ஆறு ஏக்கர் எழும்பிவிடும். நாற்றுக்காரம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. என்னைப் பிடித்துக் கொடுக்க வந்தவர் போலவும் இல்லை. கேள்வி கேட்டவர், பதில் தெரிந்துகொள்ளக் காத்திருந்தார். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் என் தொழில் எனக்கு நினைவு வந்தது. டைல்ஸ் ஒட்டும் கொத்தனாரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? கல்லின் நிறமா? பூவின் அழகா? தரை சரியும் வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போகும் என்பதுதானே? நான்கடிக் குளியலறைக்கு ஆயிரம் முறை அதைக் கேட்டிருக்கிறேன். வாட்டம் தப்பினால் கொத்தனாரைத் திட்டியிருக்கிறேன். நான்கடிக்குக் கேட்ட நான், ஆறு ஏக்கருக்கு ஏன் கேட்கவில்லை? கேட்கத் தெரியாமல் அல்ல. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

"பாத்திருக்கேன் மேடம்" என்றேன். "முழங்கால் ஆழத்துக்கு ஓடுச்சு. நான் நின்னு பாத்தேன்."

வக்கீல் கோப்பை மூடிய சத்தம் இப்போதும் கேட்கிறது. இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அலுவலகப் படியிறங்கும்போது மச்சான் சொன்னது: "உண்மையச் சொல்லணும்னா உன் சொத்த வச்சு சொல்லு மாப்பிள்ளை. என் சொத்தையும் சேத்து ஏன் சொன்ன?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூட்டு முறிந்தது; அவர் தன் பங்கை என்னிடமே விட்டுவிட்டு விலகினார். இரண்டு வருடம் பேச்சு இல்லை. அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே என் மனைவி பட்ட பாட்டை அவளிடம்தான் கேட்க வேண்டும். தாய்மார்கள் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், இன்று கேட்காதீர்கள்.

உண்மையைச் சொன்னதும் மனம் லேசாகிவிட்டது என்று நான் கதைவிட மாட்டேன். லேசாகவில்லை. பல மாதம் அந்த அம்மா மீது அடங்காத கோபம் இருந்தது. அடுத்த மழைக்குத்தான் அவர் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு காட்டுங்க" என்றேன்.

"அத மொதல்லயே வந்து கேட்டிருக்கலாமே தம்பி" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சேற்றில் அவர் காட்டக் காட்ட நான் குச்சி நட்டேன். தண்ணீர் திரும்பினால் முதலில் மூழ்குவது அவருடைய பாத்திகள். அடுத்து, பின்னாலிருக்கும் எட்டு வீடுகள். அந்த வீடுகளை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் ஒருவர் தையல் மெஷினை நனையாமல் உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தார். வண்ணப்படத்தில் அந்த எட்டு வீடுகளும் புல்வெளியாக இருந்தன.

குச்சி நட்ட வழியை அப்படியே திறந்துவிட்டு, நிலத்தில் சற்று மேடாக இருந்த பக்கம் மட்டும், நினைத்ததில் பாதி அளவில் கட்டடம் வரைந்து மறுபடி விண்ணப்பித்தேன். பதினான்காவது கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். அனுமதி கிடைத்தது. அந்தக் கடையில் இன்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நிலத்தில் வணிகம் வரக் கூடாது என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. வந்ததால் வாழ்கிறவன் நான்.

பிறகு பெருவெள்ளம் வந்து நான் சொன்னதே சரி என்று நிரூபித்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மழை வருகிறது, தண்ணீர் வருகிறது, வந்த வழியே குளத்துக்குப் போகிறது. யாரும் நின்றுகூடப் பார்ப்பதில்லை. மூழ்கியிருந்தால் பத்திரிகையில் படம் வந்திருக்கும். மூழ்காத வீட்டுக்கு எந்தப் பத்திரிகையில் இடம் உண்டு? அதனால்தான் மச்சான் இன்றைக்கும், "பாதியக் கட்டி ஏமாந்துட்டியே மாப்பிள்ளை" என்கிறார். நடக்காத ஒன்றை நான் எப்படிக் காட்டி நிரூபிப்பேன்?

பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுகிறோம். மழை பத்திரம் படிக்குமா? மண்ணுக்கடியில் ஓடும் ஈரம் கையெழுத்துக்குக் கட்டுப்படுமா? என் வேலிக்குள் நான் கொட்டும் மண், உன் வேலிக்குள் வெள்ளமாக வருமென்றால், கொட்டும் முன் உன்னைக் கேட்பது தடையா, தர்மமா?

ஆட்சேபணை எழுதுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இல்லையா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். இருக்கிறார்கள் ஐயா. போட்டிக் கடைக்காரன் பொய்ப் பெயரில் எழுதுவதும் உண்டு. ஆனால் நம்மை இரண்டரை வருடம் அலைய வைப்பது அந்த முப்பது நாளா? முப்பது நாள் முடிந்து, கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராமல் கிடக்கிறதே, அந்தத் தொள்ளாயிரம் நாளா? தொள்ளாயிரத்தை விட்டுவிட்டு முப்பதை வெட்டச் சொல்கிறோம். ஏன்? அதிகாரியோடு மோத நமக்குப் பயம். நாற்றுக்காரம்மாவோடு மோதப் பயமில்லை.

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழியவில்லை.

சலசலப்பு கேட்கிறது. மணியில் உங்கள் கை இருப்பதும் தெரிகிறது. இன்னும் ஒரே நிமிடம். ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். முப்பது நாள் அப்படியே இருக்கட்டும். அறிவிப்பு சாலையைப் பார்த்து, நின்று படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். முப்பது நாள் முடிந்தால், அடுத்த தொண்ணூறு நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று அலுவலகம் எழுத்தில் பதில் தர வேண்டும். இதைக் கேட்போம். உரக்கக் கேட்போம், ஒன்றாகக் கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம். இதற்கு இந்த அவையில் ஒரு கைகூட உயராவிட்டால், தனியாகவே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஒரு கை உயர்ந்திருக்கிறது. மூன்றாவது வரிசை. மச்சான் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், நானே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறேன். "தொண்ணூறு ரொம்ப அதிகம் மாப்பிள்ளை, அறுபதுன்னு போடு, நானே வழிமொழியறேன்" என்கிறார்.

செயலாளர் அவர்களே, அறுபது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், சிரித்தும் சிந்தித்தும் துணைநின்ற தாய்மார்களுக்கும், மணியை அடிக்காமல் மனத்தை அடக்கிக்கொண்ட தலைவருக்கும், பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் பக்கம் எழுந்து நின்ற என் மச்சானுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.