நின்றால் மறந்துவிடும்

பரமபதம் ஆடுகிறவர்கள் தாயக்கட்டையைத்தான் திட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் பாம்பை வரைந்தவனை யாரும் திட்டுவதில்லை. என் தொழிலில் இது ஒரு வசதி.

நான் வீடியோ கேம்களுக்கு விதி எழுதுகிறவன், இன்ஸ்பெக்டர் மேடம். பெயர் சுப்பராயன், அடையாறு காந்தி நகரில் ஷஃபியுல்லாவின் கம்பெனியில் வேலை. எதை அழுத்தினால் குதிக்கலாம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் சாகலாம், எதை எடுக்க எதை இழக்கவேண்டும் என்று தீர்மானிப்பவன் நான். கேமில் கதை என்பது அதுதான். மற்றதெல்லாம் சுவரில் அடிக்கிற பெயின்ட். பாத்திரங்கள் வாயைத் திறந்தால், ஆடுகிறவன் கட்டைவிரலால் தட்டித் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அந்தப் பெயின்டை அடிக்க எங்களிடம் ஒருவர் இருந்தார். தங்கவேல்.

சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வீடுகளை இடித்து அகற்றியபோது குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர். கொஞ்சம் மக்கு. நல்ல மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள், அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த கேம் வெள்ளத்தைப் பற்றியது. ஆறு ஏறி வருகிறது. வீட்டில் நாலு பேர், படகு மூன்று பேருக்கானது. நாலாவது ஆளை ஏற்றினால் மூழ்காது. மெதுவாகும், அவ்வளவுதான். தண்ணீர் மெதுவாகாது. யாரை விட்டுவிட்டுப் போவாய் என்று நான் எங்கேயும் கேட்கவில்லை, ஆடுகிறவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது.

பிறகு தங்கவேல் வந்து அம்மா பாத்திரத்துக்கு ஒரு வரி எழுதினார். ‘நீங்க முன்னாடி போங்க, நா அடுத்த ட்ரிப்ல வரேன்.’ தி. நகரில் ஒரு ஹாலில் விழா எடுத்தார்கள். அந்த ஒரு வரிக்காக ஹாலே மூக்கைச் சிந்தியது. எல்லாரும் படித்தவர்கள். தங்கவேல் மேடையிலிருந்து என்னைக் காட்டி, கணக்கெல்லாம் போட்டுக் கொடுத்தது எங்கள் சுப்பராயன் சார் என்றார். அவர்களும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவருக்கு விளக்கப் பார்த்தேன். சரியான விதி ஒன்று போதும், எந்த மனிதனையும் எங்கே வேண்டுமானாலும் நடத்திக் கொண்டுபோய்விடலாம் என்றேன். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

“மன்ஷன் இன்னா பொம்மையா சார்? புடிக்கலன்னா போன கீழ வெச்சிட்டு எய்ந்து பூடுவான்.”

ஷஃபியுல்லாவும் கூடச் சிரித்தார். வாதத்தில் தோற்பது எனக்குப் பிரச்சினை இல்லை. வாதமே தெரியாதவர்களிடம் தோற்பதுதான் சங்கடம்.

தங்கவேலுக்கு மணிமொழி என்று ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பேசியதையெல்லாம் அவர் மனைவி நிஷா போனில் பதிந்து வைத்திருந்தாள். அந்தப் போன் மழைத் தண்ணீரில் விழுந்து கெட்டபோது, உள்ளே இருந்ததை மீட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்தியது நான்தான். அந்த உதவியையும் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

அந்தக் குரலை வைத்துத்தான் புதிய கேமைச் செய்தேன். நடந்து ஆடுகிற கேம். காதில் ஒரு குழந்தை பேசும், குரல் கூடுகிற பக்கமாக நடக்கவேண்டும். விதி ஒன்றே ஒன்று. நின்றால் அவள் ஒரு சொல்லை மறந்துவிடுவாள். மறந்த சொல் அழிந்துவிடும், திரும்ப வராது. ஆபீஸில் இருந்த மூலப் பதிவுகளை அழிக்க எனக்கு ஒரு காபி குடிக்கிற நேரம் ஆயிற்று.

போன புதன்கிழமை மத்தியானம், நல்ல மழை. சோதித்துப் பாருங்கள் என்று போனையும் இயர்போனையும் அவரிடம் கொடுத்தேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு முகம் மாறியது. சிக்னலில் நின்றார், ‘காக்கா’ போயிற்று; எந்தச் சொல் போகிறது என்று என் போனில் தெரிந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் விதியைச் சொன்னேன். வேறு பிரதி இல்லை என்பதையும் சொன்னேன், அதை மறைப்பது நியாயமில்லை. அதற்குப் பிறகு அவர் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை. ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டினார். பெசன்ட் நகர், ஊரூர் குப்பம், தார்ப்பாய் போர்த்திய படகுகள் என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். நான் குடையோடு பின்னால் நடந்தேன். மேடையேறி மாலை வாங்கிய மனிதர் ஒரு சத்தத்துக்காக மாடு மாதிரி போகிறதைப் பாருங்கள் என்று யாரிடமாவது சொல்லத் தோன்றியது. மழையில் தெருவில் ஆள் இல்லை.

அடையாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற உடைந்த பாலத்தில் ஏறினார். ஆற்றின் மேல்பக்கம் ஏரியைத் திறந்துவிட்டிருந்தார்கள், ஆறு சேறாகக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாலம் பாதியில் அறுந்து நிற்கிறதல்லவா, அதற்கு அப்பால், தண்ணீருக்கு மேலே, குழந்தையின் குரலை வைத்திருந்தேன். ‘வா நைனா, வா’ என்று கூப்பிடும்.

அவர் நடந்துகொண்டே போய் விழுந்துவிட்டார் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அப்படித்தான் நடந்திருக்கவேண்டும். ஆனால் அவரிடம் இருந்த போன் ஏன் நனையாமல் என் பையில் இருக்கிறது என்று கேட்டீர்கள். அது சரியான கேள்வி.

விளிம்பில் அவர் நின்றுவிட்டார்.

சும்மா நின்றார். சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக ‘நைனா’ போனது. இயர்போனைக் கழற்றி, சிக்காமல் சுற்றி, போனோடு என்னிடம் நீட்டினார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் மதித்திருப்பேன்.

“இந்தாங்க சார். இதுல எங்க கொயந்த இல்ல.” பிறகு, “நிஷாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அது தாங்காது,” என்றார்.

அவ்வளவுதான். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆற்றைப் பார்த்து நின்று, மழைத் தண்ணீரிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். விட்டிருந்தால் திரும்பி வீட்டுக்குப் போயிருப்பார். மறுநாள் ஆபீஸுக்கு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், சாம்பார் சாதம் சாப்பிட்டிருப்பார்.

போனை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்தேன். விதியில் ஓட்டை தெரிந்தால் நாங்கள் கேமை நிறுத்துவதில்லை, மேடம். அந்த ஓர் இடத்தை மட்டும் கையால் சரிசெய்துவிட்டு மேலே ஓட்டிப் பார்ப்போம். நானும் ஒரு கையைத்தான் வைத்தேன், அவர் முதுகில், பெரிய பலம்கூடத் தேவைப்படவில்லை. மற்றபடி அவர் போய்ச்சேர்ந்தது முழுக்க முழுக்க என் விதிப்படிதான்.